இரண்டு திரை, ஒரு படகு

போன மாதம் நம் சர்வீஸ் ஆட்கள் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். "மேடம், மொபைல் சிப் வெச்ச கம்ப்யூட்டரெல்லாம் வந்தாச்சு. இனிமே டெஸ்க்டாப்புல பழைய சிப்புக்கு வேலையே இருக்காதுல்ல?" கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சமோசா தட்டுப் பக்கம் போய்விட்டார். கேள்வி கேட்கிற எல்லோருக்கும் பதில் தேவைப்படுவதில்லை என்பது இத்தனை வருட சர்வீஸில் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அது என் வியாதி. அதனால் அந்தத் தம்பிக்கும், சமோசா தின்றுகொண்டிருந்த மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். நான் மொபைல் சிப்புக்கு எதிரி இல்லை. காரைக்காலில் வேலை பார்த்தவர்களுக்கு டெஸ்க்டாப்பின் எமன் யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. உப்புக்காற்றுதான். உள்ளே ஃபேன் சுற்றச் சுற்ற அது உப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். கடற்கரைப் பக்கம் ஒரு சிபியூவைத் திறந்தால் போர்டு முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும், ஸ்க்ரூவைத் தொட்டால் தலை உடையும், பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை இட்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரில், போனுக்குள் இருக்கிற மாதிரி ஒரு சிப்பை வைத்து, ஃபேனே இல்லாமல், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் வேண்டாம் என்பேனா? சூடு இல்லை, சத்தம் இல்லை, கரண்டையும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். வேகத்திலும் சோடை போகாது. கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய சிப்புக்காக எழுதிய புரோகிராம்கள் புது சிப்பில் நேராக ஓடாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்துகொண்டு, பழைய பாஷையைப் புது பாஷையாக மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை நன்றாகவே நடக்கிறது. நடக்காத இடம் டிரைவர், அதாவது வெளியிலிருந்து செருகும் கருவியோடு நேரடியாகப் பேசுகிற புரோகிராம். நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பழைய பிரெஞ்சுப் பத்திரத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம், கையெழுத்தைச் சம்பந்தப்பட்ட ஆளேதான் போட வேண்டும். டிரைவர் அந்தக் கையெழுத்து மாதிரி. இது மட்டும்தான் பிரச்சினை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று காரைக்கால்மேடு மீனவர் கிராமத்தில் ஒரு நாள் தெரிந்தது.

அங்கே ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சின்ன ரேடியோ அறை நடத்தினார்கள். மொட்டை மாடியில் ஆன்டெனா, உள்ளே பேசுகிற மைக், பக்கத்தில் ஒரு ரிசீவர். படகுகளில் ஒரு சின்னக் கருவி இருக்கும், 'நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்' என்று வயர்லெஸ்ஸில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். ரிசீவர் அதைக் கேட்டு டெஸ்க்டாப்புக்குக் கொடுக்க, திரையில் கடல் வரைபடத்தின் மேல் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். அறையைக் கவனித்துக்கொண்டவள் செல்வி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், மீனவர் வீட்டுப் பெண். மைக்கைப் பிடித்தால் குரல் கல் மாதிரி நிற்கும். அவள் புருஷன் முருகேசன் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தான்.

அந்த டெஸ்க்டாப்பை மாற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் தினேஷ். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அவனுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். படிப்பைப் பிரான்சில் முடித்துவிட்டு இங்கே வந்து கம்ப்யூட்டர் கடை போட்டவன். கெட்டிக்காரன், ஆனால் வாய் நிற்காது. "ரீத்தாக்கா, இது மியூசியத்துல இருக்க வேண்டியது. ஊர்ல இருக்கிற கரண்டெல்லாம் இதுவே குடிக்குது" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். கடைசியில் ரேடியோ அறையை நடத்திய மீனவர் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்து மொபைல் சிப் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். வரைபடப் புரோகிராம் அதில் ஜோராக ஓடியது. ரிசீவர் மட்டும் ஒட்டவில்லை. புது சிப்புக்கு டிரைவர் இல்லை, கருவியைச் செய்த கம்பெனியும் கடையைக் கட்டிவிட்டது. தினேஷ் விடுவானா? பழைய டெஸ்க்டாப் ரிசீவரைக் கேட்டு, கேட்டதை அப்படியே கேபிள் வழியாகப் புதுசுக்கு அனுப்பும்படி செய்துவிட்டான். கேட்பது பழசு, காட்டுவது புதுசு. கொஞ்ச நாள் இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, பிறகு பழைய திரையைத் தூக்கிவிடலாம் என்று பேச்சு. நான் அப்போது ஓய்வு பெறப் போகிற நேரம். பழசை எடுக்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஐப்பசி மாதம். நான் தலத்தெருவிலிருந்து கிளம்பியபோது வானம் வெறிச்சென்று இருந்தது. காரைக்கால்மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாடைக்காற்று எழும்பிவிட்டது. பத்து எண்ணுவதற்குள் மழை பக்கவாட்டில் அடித்தது. செல்வி மைக்கில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டுக் கரைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அரசலாற்று முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தன. மதியத்துக்குள் எல்லாப் படகும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. முருகேசனின் படகு. அதில் முருகேசன், அவன் தம்பி, கூலிக்குப் போன இன்னொரு ஆள் என்று மூன்று பேர்.

கரண்ட் போனது அதே நேரத்தில்தான். இன்வர்ட்டர் பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி கிழம், இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு திரை, ரேடியோ எல்லாவற்றையும் அதனால் தாங்க முடியாது.

"அக்கா, பழைய மானிட்டர அணைச்சிடுறேன். அதுதான் ரொம்ப இழுக்குது" என்றான் தினேஷ்.

"கைய வெச்சீங்கன்னா நடக்கிறதே வேற!" என்று செல்வி எழுந்துவிட்டாள். மைக்கில் அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. "எங்க வீட்டுக்காரரு அதுலதான் இருக்காரு. அத அணைக்காதீங்க."

அப்போதுதான் நான் இரண்டு திரையையும் ஒழுங்காகப் பார்த்தேன். பழைய திரையில் வடக்கே, தரங்கம்பாடிக்கு நேராகக் கடலில், முருகேசன் படகின் பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. புதுத் திரையில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் நீலம்.

சங்கச் செயலாளர் மழையில் நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மனுஷர், ஆனால் பொறுமை கிடையாது. முகத்துவாரத்தில் ஒரு விசைப்படகு தேடப் போகத் தயாராக நிற்கிறது என்றார். அதன் டிரைவர் ரேடியோவில் வந்தார். "செல்வி, ஆத்து வாயில அலை கட்டிக்கிட்டே வருது. இப்பப் போனா போலாம். கொஞ்சம் விட்டா யாராலயும் வெளிய போக முடியாது. ஒரு தடவதான். வடக்கா, தெக்கா? சீக்கிரம் சொல்லுங்க."

"இதுல என்ன கேள்வி? அந்தா தெரியுதுல்ல படகு, வடக்க!" என்றார் செயலாளர். பிறகு புதுத் திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இதுல ஏன் காணோம்? ஏம்ப்பா தினேஷு, ஆளு உசுரு ஊசலாடுற நேரத்துல செல்போன வெச்சு வெளையாடுறியா?"

தினேஷ் வெளிறிப்போனான். "அந்த மொழிபெயர்க்கிற லேயர்ல ஏதோ விட்டுப்போவுது போலக்கா. பழைய சிப்புல இருக்கிறது இதுல வரல. என் தப்புதான். பழசையே நம்புங்க" என்றான்.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், நானும் வாயைத் திறந்துவிட்டேன், வடக்கே என்று சொல்ல. ஏன் சொல்ல மாட்டேன்? பழைய சிப் வருஷக்கணக்காக ஓடியது. புதுசு வந்து சில வாரம். ஒன்று காட்டுகிறது, இன்னொன்று காட்டவில்லை. காட்டுவதைத்தானே மனசு நம்பும்? இந்த வேலையில் எனக்கு அதைவிடப் பயமான நேரம் முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

என்னை நிறுத்தியது என் முதல் பாஸ் ஒரு தடவை திட்டியது. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒரு ஆபீஸில் இரண்டு மீட்டர் இரண்டு அளவு காட்ட, நான் பழைய மீட்டரை நம்பி போர்டைக் கழற்றப் போனபோது அவர் சொன்னார். "ரெண்டு ரெண்டு விதமாச் சொன்னா எது வயசுல பெரிசுன்னு பாக்காதே, கழுத. ரெண்டும் வேற எதுலயாவது ஒத்துப்போவுதான்னு பாரு." திட்டு மட்டும் எப்படித்தான் இத்தனை வருஷம் கெடாமல் இருக்கிறதோ!

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"நிமிஷம் எங்கம்மா இருக்கு?" என்று செயலாளர் கத்தினார்.

"இருக்கு. கத்தாதீங்க, எனக்கும் கத்தத் தெரியும்."

கரைக்கு வந்துவிட்ட படகுகளை இரண்டு திரையிலும் வரிசையாகப் பார்த்தேன். அங்கே இருக்கிற அத்தனையும் இங்கேயும் இருந்தன, அதே பெயர், அதே இடம். முகத்துவாரத்தில் ஆடிக்கொண்டிருந்த விசைப்படகு இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் ஆடியது. மொழிபெயர்ப்பில் விட்டுப்போகிறது என்றால் அங்கங்கே விட்டுப்போக வேண்டும். இத்தனை படகையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு முருகேசனை மட்டும் மறக்க அந்தச் சிப்புக்கு அவன் மேல் என்ன கோபம்?

அப்படியென்றால் பழசில் இருக்கிற புள்ளி என்ன? அதை அழுத்தினேன். கடைசியாகச் செய்தி வந்த நேரம் என்று ஏதோ ஒரு பழைய வருஷத்துத் தேதியைக் காட்டியது. போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி செத்து, கடிகாரம் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. மணி பார்க்கச் சுவரில்தான் கடிகாரம் இருக்கிறதே என்று யாரும் மாற்றவில்லை. நாமெல்லாம் ஒரு சின்ன விஷயத்தை அலட்சியம் செய்யும்போது சொல்கிற சமாதானம் இருக்கிறதே, அது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும்.

நேரம் தெரியவில்லை. சரி, புள்ளியையே பார்ப்போம் என்று மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தேன். அது அசையவில்லை. ஒரு மயிரிழை அசையவில்லை. வெளியே தென்னை மரம் ஒடிகிற மாதிரி காற்று. நங்கூரம் போட்டு நிற்கிற படகின் புள்ளிகூட இந்தக் காற்றில் கொஞ்சம் தள்ளாடும். இது சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

"செல்வி, இது எப்பலேருந்து இப்படி நிக்குது?"

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி, ஒன்னத்தான் கேக்கிறேன்."

ரேடியோவில் டிரைவர் மறுபடி வந்தார். "என்னங்க, சொல்றீங்களா இல்லயா? வடக்கயே திருப்பிடவா?" செயலாளர் மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

"அது பொய்யி" என்றாள் செல்வி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"என்னம்மா சொல்ற?"

"அந்தப் புள்ளி பொய்யிங்க. நான்தான் அழியாம வெச்சிருக்கேன்."

பிறகு அவள் சொன்னது இதுதான். படகிடமிருந்து கொஞ்ச நேரம் செய்தி வராவிட்டால் அந்தப் படகின் புள்ளியைத் திரையிலிருந்து எடுத்துவிடுவதுதான் புரோகிராமின் வழக்கம். ஆள் எங்கே என்று தெரியாதபோது தெரிந்த மாதிரி காட்டக்கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் இந்த அறைக்குக் கம்ப்யூட்டர் ஆட்கள் வருவதில்லை, பொண்டாட்டிமார்கள் வருவார்கள். மீன் ஏலம் முடிந்த கையோடு கூடையை வாசலில் வைத்துவிட்டு, எங்க வீட்டாள் புள்ளி எங்கே என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் புருஷன் புள்ளி பட்டென்று மறைந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி. அங்கேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம் அந்தப் புருஷன் கூடை நிறைய மீனோடு வந்து நின்றான். படகில் கருவியின் வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

"அன்னிக்கி ராவே அத மாத்திட்டேங்க்கா. எங்க போயி மாத்துறதுன்னு தட்டித் தட்டிக் கண்டுபிடிச்சேன். புள்ளி அழியவே கூடாதுன்னு வெச்சிட்டேன். படகு கரைக்கு வந்து மறுபடி சேதி வந்தா அதுவா நகந்துக்கும். அதுவரைக்கும் பாக்கிறவ வயிறு எரியாம இருக்கட்டுமேன்னு. யாருக்கும் சொல்லல. யாரும் கேக்கல."

புதுக் கம்ப்யூட்டரில் அந்த மாற்றத்தை யாரும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அது புரோகிராமின் வழக்கப்படியே முருகேசனைத் திரையிலிருந்து எடுத்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தது, அதைத்தான் நாங்கள் கோளாறு என்று நினைத்தோம்.

"தெரிஞ்சுக்கிட்டேவா பேசாம இருந்த?" என்றார் செயலாளர்.

"தெரியும்ங்க. அது காலையில இருந்த எடம்னு தெரியும். ஆனா அது இருக்கிற வரைக்கும்…" முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. அதற்கு நேரம் இல்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அழுவுறத அப்புறம் அழுவு. கடைசியா எப்ப அசைஞ்சுச்சு? யோசிச்சுச் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இட்லிக்காரம்மா வந்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அவரு குரலு வந்துச்சு. 'வலைய ஏத்தியாச்சு, மோட்டாரு தகராறு பண்ணுது, பாத்துட்டு வர்றேன்'ன்னாரு. அப்ப புள்ளி ஆடிச்சு. அப்புறம் ஆடவேயில்ல."

அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மோட்டார் நின்று, அதோடு கருவியும் நின்று, காலையிலிருந்து படகு சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. வாடைக்காற்று அடிக்கிற பருவத்தில் நீரோட்டமும் தெற்கே இழுக்கும். தரங்கம்பாடிக்கு நேரே அந்தப் படகு இருக்கவே முடியாது.

"யாராவது டிரைவருகிட்ட சொல்லுங்கப்பா" என்றேன். செயலாளர் மைக்கைப் பார்த்தார், எடுக்கவில்லை. தினேஷ் என்னைப் பார்த்தான். நான் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒரே அடையாளத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரைப் பார்த்துப் படகை அனுப்பச் சொல்கிறேன். தப்பாகப் போனால்? மூன்று உயிர். யாருக்குமே அந்த மைக்கைத் தொடத் தைரியம் வரவில்லை.

செல்விதான் அழுத்தினாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் வழக்கமான குரல். "தெக்க போங்க. திரையில இருக்கிற எடம் பழசு, அத நம்பாதீங்க. இட்லி நேரத்துலேருந்து மோட்டாரு இல்லாம மெதக்குது. அங்கேருந்து காத்துக்கும் நீருக்கும் எங்க தள்ளும்னு நீங்களே பாத்துக்குங்க."

பிறகு டிரைவர் சொன்னார். "நாகூருக்கு நேரா போயிருக்கும். நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா, தாயி? வடக்க இருந்தான்னா இன்னிக்கி அவனைத் தேட வேற ஆளு கெடையாது."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன். தெக்க போங்க."

விசைப்படகின் புள்ளி முகத்துவாரத்தைத் தாண்டித் தெற்கே திரும்பியது. இன்வர்ட்டர் மறுபடி கத்தியது. இந்தத் தடவை செல்வியே சொன்னாள். "அத அணைச்சிருங்கக்கா." பழைய மானிட்டரின் சுவிட்சை நான் தட்டினேன். சிபியூவை அணைக்கவில்லை. ரிசீவரைக் கேட்பது அது மட்டும்தானே. கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. தினேஷ் மழையில் ஓடி, வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஆட்டோக்காரர் மறு பேச்சு பேசாமல் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அதை மாட்டியதும் இன்வர்ட்டரின் சத்தம் அடங்கியது.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். முருகேசன் தம்பி பெண்டாட்டியும் வந்து நின்றாள். புதுத் திரையில் ஒரே ஒரு புள்ளிதான் போய்க்கொண்டிருந்தது. அது நகர்ந்து நகர்ந்து தெற்கு ஓரத்துக்குப் போய், எங்கள் ஆன்டெனாவுக்கு எட்டாத தூரத்தில் மறைந்தது. வாசலில் 'ஐயோ' என்று ஒரே சத்தம்.

செல்வி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "தூரம் போயிட்டாங்க. அவ்வளவுதான். நமக்குக் கேக்கல, அதுனால காட்டல. வேற ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் கிடையாது. நான் ஜெபமாலையை எடுத்தேன். செல்வி அவள் அம்மனைக் கூப்பிட்டாள். தினேஷ் எதையும் கூப்பிடவில்லை, நகத்தைக் கடித்தே தீர்த்தான். தெற்கே என்று சொன்னது சரிதானா என்று மனசு ஆயிரம் தடவை கேட்டது. சொன்னது அவள். சொல்ல வைத்தது நான். ஒரு வேளை அந்த ஆணிப் புள்ளியில்தான் அவன் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறானோ என்று நினைத்துக்கொண்டே மணியை உருட்டினேன். மழை விட்டது, மறுபடி பிடித்தது.

பிறகு ரேடியோவில் கரகரவென்று ஒரு குரல் உடைந்து உடைந்து வந்தது. "…தெரியுது… சட்டைய ஆட்டுறான்…" அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. செல்வி மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, "எத்தன பேரு? எத்தன பேருன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை தடவை கேட்டாளோ.

"மூணு பேரு. மூணு பேரும் இருக்கானுவ, தாயி. கயிறு போட்டாச்சு."

"சரி. மெதுவா வாங்க" என்றாள் செல்வி. மைக்கை அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டினாள். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் சங்கத்தில் இரண்டு கட்சி. புதுசு சரியாகக் காட்டியது, பழசைத் தூக்கி எறி என்று ஒரு கட்சி. பழசு இல்லாவிட்டால் ரிசீவரே கேட்காது, புதுசை எடுத்துக்கொண்டு போ என்று இன்னொன்று. தினேஷ் முதல் கட்சியில் இருப்பான் என்று நினைத்தேன். பையன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. நான்தான் சொன்னேன், நேற்று சரியாகச் சொன்னதும் சிப் இல்லை, தப்பாகச் சொன்னதும் சிப் இல்லை. புதுசு உண்மையைச் சொன்னது சிப்பின் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, இந்த ஊருக்காக அதை இன்னும் யாரும் மாற்றாததால்தான். பழசு பொய் சொன்னது சிப்பின் குற்றம் இல்லை. பாவப்பட்ட பெண்களுக்காக ஒருத்தி அதை அப்படிப் பழக்கியிருந்தாள்.

ஆகவே சமோசா தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மொபைல் சிப் டெஸ்க்டாப்புக்கு வரும். பாதி வந்தும் விட்டது. மீதிக்கும் டிரைவர் எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், அது காசும் காலமும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் ஒரு பழைய பெட்டியை மாற்றப் போகும்போது அதில் என்ன சிப், எவ்வளவு ராம் என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அதன் முன்னால் உட்கார்கிற ஆளைப் பாருங்கள். 'இது வாங்கின மாதிரியே இருக்கிறதா, நீங்கள் ஏதாவது மாற்றினீர்களா, எதற்காக மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். உடனே சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தப்பு என்று நினைத்து யாரும் மாற்றுவதில்லை, அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. அப்புறம் இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே புதுசைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த வாரமே நான் பழைய போர்டின் சின்ன பேட்டரியை மாற்றப் போனேன். காலை நேரம், மீன் ஏலம் முடிந்திருந்தது. செல்வி அதற்கு முன்பே, யாரும் சொல்லாமல், அந்த மாற்றத்தை எடுத்துவிட்டிருந்தாள். இரண்டு திரையும் ஒன்றுபோல இருந்தன. நான் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தபோது வாசலில் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது, மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது. திரையை இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"அக்கா, எங்க வீட்டாளு புள்ளியக் காணோமே?"

செல்வி திரையைப் பார்த்தாள். அவள் கை மவுஸ் மேல் இருந்தது. நான் திருகுவதை நிறுத்திவிட்டேன்.

"இப்ப எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியலம்மா" என்றாள். "கடைசியா இருந்த எடம் சொல்லுவேன், ஆனா அது இப்ப இருக்கிற எடம் இல்ல. கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கூடைய வெச்சிட்டு உள்ள வா, வந்து எம் பக்கத்துல உக்காரு."

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். செல்வி மைக்கை எடுத்து அந்தப் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.